பால் பைத்தானுக்கு மூச்சு இரைப்பு: டாக்டரும் வேண்டும், தெர்மோஸ்டாட்டும் வேண்டும்

கேள்வி:

வணக்கம் டாக்டர். கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். போன மே மாதம் நண்பர் ஒருவரிடமிருந்து பால் பைத்தான் (ball python, பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வாங்கினேன். ஆண், ஒன்றரை வயது, மூன்றடி நீளம். அக்டோபரில் 700 கிராம் இருந்தது, இப்போது 640 கிராம். ஆறு வாரமாக எலியைத் தொடவில்லை. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மேலே வலை மூடி. ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சுடும் விரிப்பு), அது 24 மணி நேரமும் ஓடுகிறது. உள்ளே இரண்டு அங்குலத்துக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட தெர்மாமீட்டர் 31 காட்டுகிறது. குளிர்ந்த பக்கத்தில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எப்போதும் அதற்குள்தான் கிடக்கும். போன மாதம் சட்டையைத் துண்டு துண்டாகத்தான் கழற்றியது, ஒரு கண்ணில் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. ஈரப்பதம் போதாது என்றார்கள். அதனால் தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிறேன். நான்கு நாளாக மூச்சு விடும்போது கிர் கிர் என்று சத்தம். நேற்று மூக்கில் நுரை பார்த்தேன். அம்மா மஞ்சள் போட்ட பால் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். தனியாக இருப்பதால் ஏங்குகிறதோ, துணைக்கு இன்னொன்று வாங்கலாமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்:

வணக்கம். மூக்கில் நுரை வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பாம்புக்கு அநேகமாக நுரையீரல் தொற்று. நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் நாய், பூனை மட்டும் பார்ப்பவராக இருந்தால், பாம்பு பார்த்துப் பழகினவர் யார் என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் நாமக்கல்லிலும், திருச்சூர் பக்கம் மண்ணுத்தியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போன் செய்து பாம்பு பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஏன் இந்த அவசரம் என்றால், நமக்கும் நாய்க்கும் சளி கட்டினால் இருமித் துப்பிவிடலாம். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, இருமவும் வராது. உள்ளே சேர்ந்த சளி அங்கேயே கெட்டியாகிக்கொண்டே போகும். சத்தம், நுரை, அடுத்து வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பது என்று படிப்படியாகத்தான் முற்றும். நீங்கள் இரண்டாவது படியில் இருக்கிறீர்கள். இந்த இடத்தில் பிடித்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

கூட்டிப்போகும்போது பழைய தலையணை உறையில் விட்டு உறையின் வாயைக் கட்டி, அதை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். காற்றுக்கு நான்கு ஓட்டை போதும். வெந்நீர் ஊற்றிய பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம், பாட்டில் நேராகப் பாம்பின் மேல் படக் கூடாது. டாக்டர் வாயைத் திறந்து பார்ப்பார், சளியைப் பரிசோதனைக்கு எடுக்கலாம், எக்ஸ்ரே எடுக்கலாம். ஊசி போட்டால் உடம்பின் முன்பாதியில் போடுவதுதான் வழக்கம். பின்பாதியிலிருந்து வரும் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து வீணாகலாம், சிறுநீரகத்துக்கும் தொந்தரவு. சில மருந்துகள் மூன்று நாளைக்கு ஒரு முறைதான். அதனால் மாத்திரை மாதிரி தினமும் கொடுக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். சத்தம் நின்றதும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கரைத்து ஊற்றும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பாம்பு பால் குடித்து வளரும் பிராணி அல்ல, அதன் குடலுக்குப் பாலைச் செரிக்க வழி இல்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு முன்னால் எது இருந்தாலும் குடிக்கும், அவ்வளவுதான். மூச்சு இரைக்கும் பாம்பின் வாயில் எந்தத் திரவத்தை ஊற்றினாலும் நேராக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் அதன் மூச்சுத் துளை வாயின் முன்பக்கத்திலேயே திறக்கிறது. அப்புறம், அந்த அறையில் சாம்பிராணி, கொசுவத்தி, பிளக்கில் மாட்டும் கொசு மருந்து, தைலம் எதுவும் வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இனி தொட்டிக்கு வருகிறேன். டாக்டர் எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும், இப்போதிருக்கிற தொட்டிக்குள் திரும்பவும் விட்டால் அது குணமாகாது, குணமானாலும் திரும்ப வரும். பாம்புக்கு உடம்பு தானாகச் சூடு தயாரித்துக்கொள்ளாது. செரிப்பது, கிருமியோடு போராடுவது, கொடுத்த மருந்து உடம்பில் வேலை செய்வது எல்லாமே வெளியில் கிடைக்கும் சூட்டை நம்பித்தான். பால் பைத்தானின் சொந்த ஊர் செனகலிலிருந்து உகாண்டா வரை ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பிரதேசம். அங்கே பகலில் எலி வளையிலும் கரையான் புற்றுக்குள்ளும் முடங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வரும். வெளியில் வெயில் எவ்வளவு அடித்தாலும் வளைக்குள் இதமான சூடும் ஈரமும் மாறாமல் இருக்கும். அந்த வளையைத்தான் நாம் வீட்டுக்குள் செய்துகொடுக்க முயல்கிறோம்.

உங்கள் தெர்மாமீட்டர் 31 காட்டுகிறது என்கிறீர்கள். அது பொய் சொல்லவில்லை, தன் கீழே இருக்கும் கண்ணாடியின் சூட்டைச் சொல்கிறது. ஹீட் மேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பீர்கள். பாம்பு கண்ணாடியில் தொங்குவதில்லை, இரண்டடி தள்ளி மண்சட்டிக்குள் கிடக்கிறது. இந்தத் தை மாதக் கோவை இரவில் உங்கள் அறை 20 டிகிரி பக்கம் போகும். மேலே வலை மூடி, இருக்கிற கொஞ்ச நஞ்சச் சூடும் அந்த வழியாகவே ஏறிப் போய்விடும். சட்டிக்குள் இரவில் 21, 22 இருந்தால் அதிகம். ஹீட் மேட் என்பது தொட்ட இடத்தைச் சுடவைக்கும், காற்றைச் சுடவைக்காது. அதன் மேல் இரண்டு அங்குலம் கோகோபீட் என்றால் அடுப்பின் மேல் மெத்தையைப் போட்டு மூடின கதைதான்: மேலே சூடு வராது, அடியில் கண்ணாடி கொதிக்கும். சூடு நாம் வைத்த அளவைத் தாண்டினால் ஹீட்டரைத் தானாக அணைக்கும் கருவிதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பாம்பு சூடு தேடித் தோண்டிக்கொண்டு கீழே போனால் வயிறு வெந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், வேகும்போதும் பல பாம்புகள் நகர்வதில்லை. குளிரில் கிடந்த பாம்பு சூடு கிடைத்த இடத்தில் அப்படியே படுத்துவிடும். இன்றைக்குக் கையில் எடுக்கும்போது வயிற்றுச் செதில்களைப் பாருங்கள். சிவப்பாகவோ பழுப்பாகவோ திட்டு, கொப்புளம், நிறம் மாறிய விளிம்பு தெரிந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒளிந்துகொள்ள ஒரே இடம், அதுவும் குளிர்ந்த பக்கத்தில். சூடா, ஒளிவிடமா என்று வந்தால் பால் பைத்தான் ஒளிவிடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும், குளிரில் நடுங்கினாலும் சரி. அதற்குப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், காட்டில் வெட்டவெளியில் கிடக்கும் சின்னப் பாம்பைக் கழுகோ நரியோ தூக்கிவிடும். அதனால் வளர்ப்பவர்கள் ஹைடு என்று சொல்லும் ஒளிவிடம் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சுருண்டால் உடம்பு நான்கு பக்கமும் இடிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். பெரிய சட்டி வைத்தால் அது அரண்மனை என்று சந்தோஷப்படாது. நீங்கள் இன்னொரு மண்சட்டி வாங்கி, விளிம்பில் பாம்பு நுழையும் அளவு உடைத்து, கூரான இடத்தை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுச் சூட்டுப் பக்கம் கவிழ்த்தால் போதும். காசு செலவாகாத இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி பாம்புகள் இடம் மாறிப் படுக்கத் தொடங்கிவிடும்.

இன்று மாலைக்குள் என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறேன். கோகோபீட் முழுவதையும் அள்ளி வெளியே கொட்டுங்கள். நோய் தீரும் வரை செய்தித்தாள்தான் விரிப்பு. ஈரம் பட்டால் உடனே தெரியும், மாற்றுவதும் சுலபம், எச்சமும் சளியும் கண்ணுக்குத் தெரியும். ஹீட் மேட்டை தெர்மோஸ்டாட் வரும் வரை அணைத்துவிடுங்கள். அதற்குப் பதில் செராமிக் ஹீட் எமிட்டர் என்று விற்கிறார்கள், வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் கொடுக்கும் பல்ப். நூறு வாட் ஒன்று வாங்கி, பீங்கான் ஹோல்டரில் மாட்டி, மேலே உலோகக் கூம்புடன் வலை மூடியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் கூடவே கூடாது, உருகி ஒழுகும். மீதி வலையில் மூன்றில் இரண்டு பங்கை அலுமினியத் தாளால் மூடுங்கள். கண்ணாடியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் வெளிப்புறமாகத் தெர்மோகோல் வைத்துக் கட்டலாம், ஹீட்டர் பக்கம் மட்டும் நன்றாக விலக்கி. சிவப்பு பல்ப் வேண்டாம், இரவு இருட்டாக இருக்கட்டும். 'ஹாட் ராக்' என்று விற்கும் சூடு கல்லும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். கோவையில் இது கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாட்டுக்கோழி முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்கு மாட்டுகிற டிஜிட்டல் தெர்மோஸ்டாட் இருக்கிறதே, அதே சங்கதிதான். எலெக்ட்ரீஷியனை வைத்து ஒழுங்கான பெட்டிக்குள் வயரிங் செய்துகொள்ளுங்கள். இந்த வகை ஹீட்டரை முழுதாகப் போடும், முழுதாக அணைக்கும். அவசரத்துக்குப் போதும். பின்னால் பல்ஸ் வகை வாங்கினால் சூடு ஏறி இறங்காமல் சீராக இருக்கும். எந்தத் தெர்மோஸ்டாட்டாக இருந்தாலும் வயர் நுனியில் சூட்டை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம். சூட்டுப் பக்கத்தில், பாம்பின் முதுகு உயரத்தில், கம்பியால் அசையாமல் கட்டுங்கள். இல்லாவிட்டால் பாம்பு அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போட்டுவிடும், அல்லது நீங்கள் சுத்தம் செய்யும்போது வெளியே விழுந்திருக்கும். அப்போது சென்சாருக்கு 20 டிகிரிதான் தெரியும், ஹீட்டர் நிற்காமல் எரியும், காலையில் பாம்பு வெந்துபோயிருக்கும். தொட்டிக்குள் செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். அதில் பாம்பு ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது செதிலோடு தோலும் வரும்.

எண்கள் இவை. சூட்டுப் பக்கத்தில் பாம்பு படுக்கும் இடம் 32, 33 டிகிரி. குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. சாதாரண நாட்களில் இரவில் 24 வரை இறங்கலாம். ஆனால் இப்போது மருந்து ஓடுகிற வரை இரவிலும் இறக்க வேண்டாம், சூட்டுப் பக்கம் இரவு பகலும் அப்படியே இருக்கட்டும், குளிர்ந்த பக்கமும் 27-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு வயர் நுனியுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, இரண்டு ஒளிவிடங்களுக்குள்ளும் ஒவ்வொன்றின் நுனியையும் விடுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் நல்லது, தரை எவ்வளவு சுடுகிறது என்று உடனே சொல்லும். ஆனால் கொரோனா காலத்தில் நெற்றியில் காட்ட வாங்கி அலமாரியில் கிடக்கிறதே, அதை எடுக்காதீர்கள். அது மனித உடம்பின் சூட்டுக்காகவே கணக்குப்போட்டு வைத்தது, தொட்டித் தரைக்கு ஒத்துவராது.

ஈரப்பத விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர் பாதி சரி. பால் பைத்தானுக்கு 60 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் தேவை, காய்ந்த தொட்டியில் சட்டை துண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் அதற்கு வழி மூன்று வேளை தண்ணீர் தெளிப்பது அல்ல. தெளித்த தண்ணீர் வலை வழியாக ஒரு மணி நேரத்தில் ஆவியாகிப் போகிறது, கோகோபீட் மட்டும் சொதசொதவென்று 20 டிகிரியில் கிடக்கிறது. சூடான ஈரம் பாம்புக்கு நல்லது. குளிர்ந்த ஈரத்தில்தான் நுரையீரல் தொற்றும் வயிற்றுச் செதில் அழுகலும் வருகின்றன. எனக்குத் தெரிந்து நம் ஊரில் பால் பைத்தானுக்கு வரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி இந்த ஸ்பிரே பாட்டிலும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டும் ஒன்று சேரும்போது வருவதுதான்.

மூடியை மேலே சொன்ன மாதிரி அடைத்து, அகலமான தண்ணீர்க் கிண்ணத்தைச் சூட்டுப் பக்கத்துக்கு அருகில் நகர்த்தினாலே ஈரப்பதம் ஏறும். குணமான பிறகு கோகோபீட்டுக்குத் திரும்பலாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகம் முழுவதும் போகிற சரக்கு அது, நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஆனால் உரம் கலந்த தோட்டக்கலவை வேண்டாம், உப்பு போகக் கழுவியதாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று அங்குலம் பரப்பி, மூலைகளில் தண்ணீரை மெல்ல ஊற்றினால் அடிப்பகுதி ஈரமாகவும் மேல்பகுதி காய்ந்தும் இருக்கும். அதுதான் வேண்டும். மரத்தூளும் பைன் மரச்சீவலும் வேண்டாம். சட்டை கழற்றும் சமயம் கண் பால் மாதிரி வெளுக்கும். அன்றைக்கு, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரப் பாசியோ ஈரத் துணியோ வைத்துச் சூட்டுப் பக்கம் விட்டால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், சட்டை காலுறை கழற்றினாற்போல் முழுதாக வரும். இப்போது கண்ணில் ஒட்டியிருப்பதை நகத்தாலோ இடுக்கியாலோ தொடாதீர்கள், அடியில் கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சேர்ந்து வந்தால் கண் போய்விடும். வெந்நீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், மூச்சு இரைக்கும் நேரத்தில் அதுவும் வேண்டாம். டாக்டர் பார்க்கட்டும், பெரும்பாலும் அடுத்த சட்டையோடு வந்துவிடும்.

சாப்பாடு பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நான் பயப்படவில்லை. பால் பைத்தான்கள் பட்டினிக்குப் பேர்போனவை. குளிர்காலத்தில், முக்கியமாக வளர்ந்த ஆண்கள், மாதக்கணக்கில் எலியைத் திரும்பிப் பார்க்காது. பட்டினி நாட்களைவிட எடையைத்தான் பார்க்க வேண்டும். 700-லிருந்து 640 என்றால் எட்டரை சதவீதம் குறைந்திருக்கிறது. பத்தைத் தாண்டினால் நான் கவலைப்படுவேன். சமையலறைத் தராசு ஒன்றைப் பாம்புக்கென்றே ஒதுக்கி வாரம் ஒருமுறை எடை எழுதி வையுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அந்த இரண்டு எண்கள்தான், பலருக்கு "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது.

இப்போது எலி கொடுக்கவே வேண்டாம். குளிர்ந்த வயிற்றில் எலி போனால் செரிக்காமல் உள்ளேயே அழுகும், வாந்தி எடுக்கும், அது பட்டினியைவிட மோசம். மூச்சுச் சத்தம் நின்று, தொட்டிச் சூடு ஒரு வாரம் பத்து நாள் நிலையாக இருந்த பிறகு, டாக்டரும் சரி என்றால், 40, 45 கிராமில் ஒரு சின்ன எலியோடு தொடங்குங்கள். உறையவைத்த எலிதான் நல்லது. உயிரோடு விட்ட எலி, பசியில்லாத பாம்பின் முதுகைக் கடித்து எலும்பு தெரிய வைத்த கேஸ்கள் வரும். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, மறுநாள் ஜிப் கவரில் போட்டு வெந்நீரில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடித்து அறை நாறும். பால் பைத்தானுக்கு உதட்டு ஓரத்தில் சின்னக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சூட்டை உணரும் குழிகள். எலியின் தலை உடம்பைவிடக் கொஞ்சம் கூடச் சுடச்சுட இருந்தால்தான் அதற்கு இரை என்று உறைக்கும். இருட்டிய பிறகு, நீள இடுக்கியால், தலை முன்னால் வரும்படி ஒளிவிட வாசலில் காட்டுங்கள். எடுக்காவிட்டால் முகத்தில் தட்டித் தட்டித் தொந்தரவு செய்யாதீர்கள், பத்து நாள் விட்டு அடுத்த முறை. சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். நண்பர்களுக்குக் காட்டுவதற்காகவும் எடுக்காதீர்கள்.

பாம்பு தேறிய பிறகு தொட்டியை மாற்றுங்கள். நீளம் நான்கடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி, முன்பக்கம் திறக்கும் கதவு, பூட்டு. பாம்பு உடம்பை முழுதாக நீட்டிப் படுக்க முடிய வேண்டும் என்பதே குறைந்தபட்ச அளவு. மரத்திலோ பி.வி.சி. பலகையிலோ உள்ளூர் ஆசாரியிடம் சொல்லிச் செய்தால் கண்ணாடியைவிடச் சூடும் ஈரமும் நன்றாகத் தங்கும். பக்கவாட்டில் காற்றுத் துளைகள் கட்டாயம். ஹீட்டரை உள்ளே மாட்டினால் சுற்றிலும் கம்பிக்கூண்டு வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு கருகிப்போகும். நடுவில் வெறும் தரையாக விடாமல் மரப்பட்டை, பிளாஸ்டிக் இலை, கொம்பு என்று நிரப்புங்கள். இரவில் ஏறிப் போகும், ஆண்கள் நன்றாகவே ஏறும். செலவு கொஞ்சம் ஆகும். ஆனால் ஒழுங்காக வைத்தால் 20, 30 வருஷம் உங்களோடு இருக்கப்போகிற பிராணி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020-இல் முட்டையிட்டது, அப்போது அதற்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

மின்வெட்டுக்கு ஒரு வார்த்தை. செராமிக் ஹீட்டர் நூறு வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அதிக நேரம் தாங்காது. ஒரு இரவு 22 டிகிரியில் கிடந்ததால் ஆரோக்கியமான பாம்பு செத்துவிடாது. போர்வையால் கூட்டை மூடினால் போதும், இப்போதைய நோய் நிலையில் மட்டும் வெந்நீர் பாட்டில் வையுங்கள். எனக்குக் குளிரைவிட சித்திரை, வைகாசிதான் பயம். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்குமே தவிர அறையைக் குளிர்விக்காது. கூடு முழுவதும் 35-ஐத் தாண்டி, ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லை என்றால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அறையில் ஏ.சி.யை 27, 28-இல் வைத்து, காற்று நேராகக் கூட்டில் படாமல் திருப்பிவிடுங்கள். ஏ.சி. காற்று ஈரத்தை உறிஞ்சும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "வெயில் காட்டலாம்" என்று கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைக்கிறார்களே, பத்து நிமிஷம் போதும், உள்ளே உலை.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். முதலாவது, பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள். ஆரோக்கியமான பாம்பும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்க் குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவரோ இருந்தால் கூடுதல் கவனம். இரண்டாவது, காகிதம். பால் பைத்தான், நாடுகளுக்கிடையே காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024-இல் விதிகளும் வந்த பிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். நண்பரிடமிருந்து வாங்கியதற்கு என்ன காகிதம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள், வனத்துறை அலுவலகத்திலும் விசாரியுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்த பால் பைத்தான்களைச் சுங்கத்துறை பிடித்த செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மலைப்பாம்பு வேறு கதை: அது அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, குட்டியாக இருந்தாலும் வீட்டில் வைப்பது குற்றம். வளர்க்க முடியவில்லை என்று பால் பைத்தானைக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் கூடாது. வளர்ப்புக்காக வந்து வெளியே போன பர்மிய மலைப்பாம்புகள் ஃபுளோரிடாவின் எவர்கிலேட்ஸ் சதுப்புநிலத்தில் அங்குள்ள பிராணிகளை எப்படித் தின்று தீர்க்கின்றன என்று உலகமே பார்க்கிறது.

கடைசியாக, துணை. ஏங்குகிறது என்று நீங்கள் நினைப்பது அன்பினால்தான், ஆனால் பால் பைத்தான் தனியாகவே வாழும் பிராணி. ஒரே கூட்டில் இரண்டை விட்டால் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருக்கும், பார்ப்பவர்கள் பாசம் என்பார்கள். இருவரும் ஒரே சூடான ஒளிவிடத்துக்குப் போட்டி போடுகிறார்கள் என்பதுதான் உண்மை. அதைவிட முக்கியம், இந்த மூச்சிரைப்புக்குப் பின்னால் பாக்டீரியா மட்டும்தான் இருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. நைடோவைரஸ் என்று ஒன்று 2014-லிருந்து பால் பைத்தான்களில் அடையாளம் காணப்பட்டிருக்கிறது, ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும், அதைக் கொல்ல மருந்து இல்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். பாம்பு வளர்க்கும் நண்பர்கள் வீட்டுக்குப் போய்வருகிறீர்கள் என்றால் அவர்களுடைய பாம்புகளைக் கொஞ்ச நாள் தொட வேண்டாம். என்றைக்காவது இன்னொன்று வாங்கினாலும் தனி அறை, தனி இடுக்கி, தனிக் கிண்ணம், மூன்று மாதம். இரண்டாவது பாம்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பணம் ஏதாவது இருந்தால் தெர்மோஸ்டாட்டையும் நான்கடிக் கூட்டையும் முதலில் வாங்கிவிடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்றும், இரண்டு ஒளிவிடங்களுக்குள்ளும் இரவு இரண்டு மணிக்கு எத்தனை டிகிரி காட்டியது என்றும் எழுதுங்கள்.